சக்கரம் தரையில் நின்ற பிறகு

தெருவில் எல்லாரும் அவளை ஷெட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தகரக்கூரை போட்ட நீளமான கார் ஷெட். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது வீடு. வீட்டுக்குள் போக வேண்டுமானால் ஷெட்டுக்குள் நுழைந்து, ஜாக்கிகளையும் பழைய டயர்களையும் தாண்டி, அடுக்களை வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். கல்யாணமாகி வந்த அன்றைக்கே அவள் புதுத்துணியின் ஓரத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது. "ஒட்டினது ஒட்டினதுதான். இனிமே போகாது" என்றார் மாப்பிள்ளை. அவர் சொன்னது கறையையா, தன்னையா என்று அவள் ரொம்ப நாள் யோசித்திருக்கிறாள்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் துருவாசர். கடலோர ஊர் அது. உப்புக்காற்றில் இரும்பு என்று எதை வைத்தாலும் அடுத்த மழைக்குள் சிவந்துபோகும். வண்டிகளின் அடிப்பக்கம்தான் முதல் பலி. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளும், அவற்றை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கிற போல்ட்டுகளும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரும்பாகிவிடும். மற்ற ஷெட்டுகளில் எஞ்சினைப் பிரிப்பார்கள், வயர் மாற்றுவார்கள். இப்படி இறுகிப்போன போல்ட் வந்தால் மட்டும் "துருவாசர்கிட்ட கொண்டு போங்க" என்று கைகாட்டிவிடுவார்கள். துருவும் அவர் பிழைப்பு, கோபமும் அவர் மூக்கு நுனியில். பெயர் பொருந்தி நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோபமெல்லாம் மனிதர்களோடு சரி. போல்ட்டிடம் அவர் கோபப்பட்டதே இல்லை. "அடி மேல அடி அடிச்சா அம்மி நகரும். போல்ட் முறியும்" என்பார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார். எண்ணெய் விட்டு ஊற வைப்பார். தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்புகிற மாதிரி சின்னச் சுத்தியலால் போல்ட் தலையைச் சுற்றித் தட்டிக்கொண்டே இருப்பார். பிறகு ஸ்பானரைப் போட்டால் உடனே கழற்றவும் மாட்டார். முதலில் ஒரு மயிரிழை இறுக்குவார். "கழட்ட வந்தவன் இறுக்குறானேன்னு அது அசந்துபோகும். அப்பத் திருப்பணும்." கால் சுற்று வந்தால் அதில் பாதியைத் திரும்பக் கொடுப்பார். கொஞ்சம் எண்ணெய். மறுபடி கால் சுற்று. வந்ததெல்லாம் லாபம் என்று ஒரேயடியாக இழுக்கிறவனுக்குக் கடைசியில் போல்ட்டின் தலை மட்டும்தான் கையில் வரும்.

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், கைவிளக்கு அவளிடம்தான் இருந்தது. ஷெட்டில் கையாள் ஒருவன் உண்டு. ஆனால் அவன் காட்டுகிற வெளிச்சம் அவன் பார்க்கிற இடத்தில் விழுமே தவிர, தான் பார்க்கிற இடத்தில் விழாது என்று துருவாசருக்குக் குறை. சிக்கலான போல்ட் வந்தால், "ஏய், வெளிச்சம்!" என்று அடுக்களைப் பக்கம் ஒரு சத்தம் வரும். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வாள். பழைய போல்ட் வெளியே வந்து, புதுச் சாமான் மாட்டி, புதுப் போல்ட் நாலு மரைச் சுற்று கையாலேயே ஏறியதும், "போதும், நீ போய்த் தட்டு எடுத்து வை" என்பார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் வழக்கம்.

அடுக்களையில் நின்றாலும் காது ஷெட்டில்தான் இருக்கும். இறுகிய போல்ட் விடுபடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். முறியும்போதும் அதே 'டக்'தான். அடுத்த நொடியில்தான் சங்கதி வெளுக்கும். விடுபட்டது என்றால் 'கிறீச்... கிறீச்...' என்று மெதுவாகத் தொடரும். முறிந்தது என்றால் ஸ்பானர் தரையில் வந்து விழும், பின்னாலேயே அவருடைய வசவும் வரும். முறிந்த துண்டுகளை அவர் எறிவதில்லை. ஒரு பால் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதற்குக் கல்லறை என்று பெயர். இத்தனை வருஷத்தில் அது பாதிகூட நிறையவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

ஒரு காலை, முகம் கழுவப் போனவர் குழாயை மூடாமலே சாய்ந்தார். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லையே என்று போய்ப் பார்த்தவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய வலது கை செத்துத் தொங்கியது. கால் இழுத்தது, தடியூன்றித்தான் நடை. பேச்சில் மிஞ்சியவை "இல்ல", "சரி", "போ" என்று மூன்று சொற்கள். ஊரையே திட்டித் தீர்த்த வாய். "திட்டக்கூட முடியலையே இவரால" என்று கொழுந்தனிடம் சொல்லி அவள் அழுதாள். அழுததெல்லாம் அந்த ஒரு நாளோடு சரி. பிறகு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

கையாள் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவனுக்கும் வயிறு இருக்கிறதே. கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்த ஷெட்டை அவளே திறந்தாள். பஞ்சர், ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது என்று சின்ன வேலைகள். வந்தவர்களில் பாதிப்பேர் பரிதாபப்பட்டு வந்தார்கள், மீதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். துருவாசர் மட்டும் பார்க்கவில்லை. சுவரில் வரிசையாகத் தொங்கிய ஸ்பானர்களில் ஒன்றை அவள் முதன்முதலாக எடுத்த அன்று, "இல்ல" என்றார். அவள் எடுத்ததை மாட்டவில்லை. அடுக்களை வாசலில் போட்டிருந்த நாற்காலியை இடது கையால் இழுத்துத் திருப்பி, ஷெட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து பகல் முழுக்க அந்த முதுகுதான் அவளுக்குத் தரிசனம்.

"அவருக்கு நீ செய்யறது பிடிக்கலை, பாத்தியா" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

"பிடிக்காட்டி எழுந்து வந்து செய்யட்டும்" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அந்த முதுகுக்கு எல்லாம் கேட்கும்.

கொழுந்தன் கெட்டவனில்லை. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே அவள் கையால் சாப்பிட்டவன். இப்போது தலையில் பாதி நரைத்து, எதையும் யோசித்துப் பேசுகிறவனாகியிருந்தான். டைல்ஸ் வியாபாரி ஒருவர் ஷெட்டை வாடகைக்குக் கேட்கிறார் என்று வந்து சொன்னான்.

"சாமான் அடுக்கி வெக்க இடம் வேணுமாம் அவருக்கு. சும்மா கெடந்தாலும் மாசமானா வாடகை வந்துரும். நீங்க எதுக்கு அண்ணி இந்த வயசுல வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு?"

"எந்த வயசுல படுக்கணும்னு நீதான் சொல்லேன்."

"வெளையாடாதீங்க. ஜாக்கி ஒரு நாள் நழுவிச்சுன்னா அண்ணன யாரு பாத்துப்பா?"

ஜாக்கியை நம்பாமல் இரும்பு ஸ்டாண்டும் சேர்த்து வைக்கிறாள் என்பது அதற்குப் பதில் ஆகாது. அவன் கேட்டது அதை அல்ல. ஷெட் போய்விட்டால் சுவரிலிருக்கிற ஸ்பானர்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போடுவார்கள். துருவாசர் அதற்கப்புறம் எதற்கு முதுகைக் காட்டி உட்காருவார்? பார்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவாவது எதிரில் ஒன்று வேண்டாமா? இதை அவளால் கொழுந்தனுக்கு எடுத்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம்தான் ரொட்டிக்காரரின் வேன் வந்தது. விடிவதற்கு முன்னால் பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி போடுகிற வேன். முன் சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க்கை தேய்ந்துபோய், குழியில் இறங்கும்போதெல்லாம் 'டொக் டொக்' என்று கதவைத் தட்டியது.

"மூணு ஷெட் ஏறி எறங்கிட்டேன் அக்கா. போல்ட்டப் பாத்த உடனே கையெடுத்துக் கும்பிடறானுங்க. பொணத்தப் பாத்த மாதிரி."

"இங்க மட்டும் என்ன, உயிர் குடுக்கறோமா?"

"மேஸ்திரி இருந்தா..." என்று ஆரம்பித்தவர், நாற்காலியின் முதுகைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "இருக்கார், இருக்கார். நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"விட்டுட்டுப் போங்க. பாக்கறேன்" என்றாள்.

விஷயம் கொழுந்தனின் காதுக்குப் போனது. அவன் சத்தம் போடவில்லை. "சரி அண்ணி. இந்த வேன நல்லபடியா அனுப்பிட்டீங்கன்னா நான் அப்புறம் வாயத் தொறக்கலை. முடியலைன்னா டைல்ஸ்காரர்கிட்டச் சாவியக் குடுத்துடலாம். நாளைக்குச் சாயங்காலம் அளவெடுக்க வரேன்னிருக்கார். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள்.

கீழ்க்கையைச் சட்டத்தோடு பிணைத்தவை இரண்டு போல்ட்டுகள். பின்னாலிருந்தது எண்ணெயில் ஒரு இரவு ஊறிய மரியாதைக்கு மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. முன்னாலிருந்ததுதான் வில்லங்கம். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் தலை கொஞ்சம் திரும்பும். விட்டால் பழைய இடத்துக்கே திரும்பி வரும். புதிதாகப் பார்க்கிறவன் கழன்றுவிட்டது என்று குதிப்பான். அது கழலவில்லை. கீழ்க்கையின் நுனியில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. அதன் நடுவில் இரும்புக் குழல், அந்தக் குழலுக்குள் போல்ட். போல்ட்டும் குழலும் துருவால் ஒட்டிக்கொண்டால் போல்ட்டோடு சேர்ந்து ரப்பரும் முறுக்கிக்கொள்ளும், கையை எடுத்ததும் திருப்பி உதைக்கும். போதாததற்கு நட்டு, சட்டத்தின் உள்ளே, கை போகாத பெட்டிக்குள் வெல்டு வைத்து ஒட்டியது. போல்ட் அதற்குள் முறிந்துவிட்டால் சட்டத்தையே இறக்க வேண்டியிருக்கும். அது அவளால் ஆகிற காரியமில்லை.

கம்பி பிரஷ், எண்ணெய், சுத்தியல் என்று வரிசையாகச் செய்தாள். இரும்புக்குச் சூடு காட்டுகிற கேஸ் விளக்கைப் பற்ற வைப்பதற்கு முன்னால், பக்கத்தில் ஓடிய பிரேக் குழாயின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினாள். அவர் போர்த்துவதற்குத் தான் வெளிச்சம் காட்டியது நினைவில் இருந்தது. பெட்டியின் வெளிப்பக்கம் சூடேறியது. பழைய ரப்பர் புகைந்து நாறியது. நாற்காலியிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அது புகைக்கு இருமியதா, தன்னைப் பார்த்து இருமியதா என்று அவள் கவலைப்படவில்லை.

ரொட்டிக்காரர் சும்மா இருக்க முடியாமல் வந்து நின்றார். "என்னக்கா, கொழந்த பொறந்துதா?"

"வாய மூடிக்கிட்டு நில்லுங்க. எனக்குக் காது வேணும்."

நீளக் குழாயை ஸ்பானரின் பிடியில் சொருகிக்கொண்டாள். முதலில் மயிரிழை இறுக்கினாள். பிறகு எதிர்ப்பக்கம். தலை திரும்பியது, ரப்பர் உதைத்தது. மறுபடி. மறுபடி. அவருடைய கை எவ்வளவு அழுத்தியது என்பது அவளுக்குத் தெரியாது. வெளிச்சம் பிடித்தவளுக்குக் கண்ணும் காதும்தான் பழகியிருந்தன. அதனால் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்து அழுத்தினாள். தோள் எரிந்தது. ஒரு கட்டத்தில் ஸ்பானர் எதிர்ப்பே இல்லாமல், வெண்ணெயில் கத்தி போவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை. முறிவதற்கு முன்னால் அடுக்களையில் இப்படி ஒரு மௌனத்தைத்தான் கேட்டிருக்கிறோம் என்று சட்டென்று உறைத்தது. கையை நிறுத்தினாள். வந்ததைத் திரும்பக் கொடுத்தாள். எண்ணெய் விட்டாள். சூடு காட்டினாள். மத்தியானச் சாப்பாட்டை அவருக்குப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் வந்து மறுபடி படுத்தாள்.

'டக்.'

ரொட்டிக்காரர் மூச்சைப் பிடித்தார். அவளும்தான். ஸ்பானர் கீழே விழவில்லை. அதை அவள் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

'கிறீச்.'

"வந்துருச்சா?"

"பேசாதீங்க" என்றாள். ஆனால் கன்னத்தில் எண்ணெயோடு கலந்து ஏதோ வழிந்தது. கிறீச், கிறீச் என்று, வருவதும் கொஞ்சம் போவதுமாக, கடைசியில் அந்தப் போல்ட் முழுசாக வெளியே வந்தது. பாதியில் இடுப்பு சிறுத்துப்போய், ஒல்லிக் கிழவன் மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் கல்லறைக்குத்தான் போயிருக்கும்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். புதுக் கீழ்க்கையை மாட்டினாள். புதுப் போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி நாலு மரை கையால் ஏற்றினாள். இறுக்கம் போதும் என்றால் 'களக்' என்று குரல் கொடுக்கிற நீள ஸ்பானர் ஒன்று சுவரில் இருந்தது. அதை எடுத்து ஒரு போல்ட்டை இறுக்கினாள், களக். அடுத்ததையும், களக். வெள்ளை பெயின்ட்டைத் தொட்டு, போல்ட் தலையிலிருந்து சட்டம் வரை ஒரே கோடாக இழுத்தாள். துருவாசர் கை வைத்த போல்ட் ஒவ்வொன்றிலும் இந்தக் கோடு இருக்கும். எப்போதாவது தானாகத் தளர்ந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுக்கும். தன் கையால் போட்ட முதல் கோடு. கொஞ்சம் நின்று பார்த்தாள்.

அப்போதுதான் அடுக்களை வாசலில் தடி தரையில் அறைந்தது.

"இல்ல!"

அவள் திரும்பவில்லை. அறைதல் நிற்கவில்லை. "இல்ல! இல்ல!"

"ஏங்க, என்னதான் இல்ல?" அவள் குரல் தகரக்கூரையில் மோதித் திரும்பியது. ரொட்டிக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். "இத்தன வருஷம் ஒங்களுக்கு வெளிச்சம் காட்டினேன். ஒரு நாளாவது, இல்லைன்னு சொல்லியிருக்கேனா? நீங்க எனக்கு மொகத்தக்கூடக் காட்ட மாட்டேங்கறீங்க. ஒங்க சாமான நான் தொட்டா என்ன, தேய்ஞ்சா போயிடும்? போல்ட்ட முறிக்காம எடுத்திருக்கேன். வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, இல்லைன்னு!"

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்து, ஒரு காலை இழுத்து, அத்தனை மாதங்களில் முதல் தடவையாக ஷெட்டுக்குள் இறங்கினார். தடியை ஓங்கி ஓங்கி ஊன்றிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். வாங்கிக்கொள்ளவும் தயாராக நின்றாள். அவர் அவளைக் கடந்து போனார். வேனையும் கடந்து போனார். எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருந்த தடித்த மரப்பலகைகள் இரண்டு. தடியின் நுனியால் ஒன்றை நெம்பித் தள்ளினார். தொப் என்று தரையில் விழுந்தது. இன்னொன்றையும் தள்ளினார்.

தொப்.

அவளுடைய கால் தானாக அடுக்களைப் பக்கம் திரும்பியது.

திரும்பிய காலோடு அப்படியே நின்றாள். எத்தனை ஆயிரம் தடவை கேட்ட சத்தம். "நீ போய்த் தட்டு எடுத்து வை" என்று அவர் அனுப்பிய பிறகு, தட்டைக் கழுவும்போது ஷெட்டிலிருந்து வருகிற அந்த இரண்டு 'தொப்'. வேலை முடிந்து சாமான்களை ஒதுக்கி வைக்கிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஜாக்கி இறங்குகிற பெருமூச்சு. அதற்கும் அப்புறம்தான், ஆமாம், அதற்கும் அப்புறம்தான், 'களக்', 'களக்'. வரிசை காதிலேயே இருந்திருக்கிறது. என்னவென்று பார்க்கத்தான் அவள் அங்கே இருந்ததில்லை. கடைசி இறுக்கத்துக்கு வெளிச்சம் தேவைப்படாததால் அவளை அனுப்பிவிடுவார்.

இன்றைக்கு நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனிதர், இரண்டு தொப்பும் கேட்காமலே களக் கேட்டிருக்கிறார்.

"இறக்கிட்டு இறுக்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "பலகை மேல சக்கரம் நின்னு, வண்டிப் பாரம் எறங்கினப்புறமா?"

அவர் இடது உள்ளங்கையைத் தன் முழங்காலில் வைத்து, உடம்பின் பாரமெல்லாம் இறக்கி ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார். பிறகு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் தடுமாறினார். ரொட்டிக்காரர் ஓடிவந்து தாங்கினார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் புஷ் அந்தத் தொங்குகிற நிலையிலேயே இறுகிப்போகும். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கிக்கொள்ளும். ஓடுகிற ஓட்டமெல்லாம் முறுக்கிலேயே ஓடும். ஒரு மழைக்காலம் தாங்காது, கிழிந்துவிடும். மறுபடி டொக் டொக். "ஷெட்டம்மா வேலையா, அதான்" என்று தெரு சொல்லும். கொழுந்தன் சொல்லவே வேண்டியிருக்காது.

இரண்டு போல்ட்டையும் தளர்த்தினாள். புதிதாக இழுத்த வெள்ளைக் கோடு இரண்டாக உடைந்து விலகியது. பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சக்கரத்தை மாட்டினாள். பலகைகளை இரண்டு முன் சக்கரங்களுக்கும் கீழே தள்ளி, ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஜாக்கியை இறக்கினாள். வேன் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

"ரொட்டிக்காரரே, முன்னாடி ஏறி நின்னு ஆட்டுங்க."

"நானா?"

"நீங்க சாப்பிட்ட ரொட்டியெல்லாம் இன்னிக்காவது பிரயோஜனப்படட்டும்."

அவர் முன் பம்பரில் ஏறிக் குதித்தார். வேன் அமுங்கி எழுந்து, தனக்கு வசதியான நிலையில் நின்றது. அவள் சாக்கை இழுத்துப் போட்டுப் பலகை உயர்த்திய இடைவெளியில் நுழைந்து படுத்தாள். வாசல் வழியாகச் சாய்ந்து வந்த வெயில் நேராகப் போல்ட்டின் மேல் விழுந்தது. இந்த வேலைக்கு நிஜமாகவே விளக்கு வேண்டாம்தான்.

களக். பின்னாலிருந்ததுக்கும், களக்.

உடைந்த கோட்டை அழிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுத்தாள்.

வெளியே வந்து எழுந்தபோது துருவாசர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். குனிய முடியாததால் அவரால் போல்ட்டைப் பார்க்க முடியவில்லை. அவள் கையிலிருந்த பழைய போல்ட்டை வாங்கி, சிறுத்துப்போன இடுப்பை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதைக் கல்லறை டப்பாவில் போடவில்லை. முறியாதவற்றுக்கு அதில் இடமில்லை. ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"சரி" என்றார்.

பிறகு, பழைய பழக்கத்தில், அடுக்களைப் பக்கம் தாடையால் காட்டி, "போ" என்றார்.

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். முழங்கை வரை கிரீஸ். "நான் எங்க போறது? சாமானெல்லாம் ஒதுக்கணும், வண்டிய ஓட்டிப் பாக்கணும். நீங்க போங்க. காலையிலேர்ந்து நான் ஒரு வாய் சாப்பிடலை. போய்த் தட்டு எடுத்து வைங்க."

ரொட்டிக்காரர் கூரையைப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் கூரையைப் பார்ப்பதுதான் உத்தமம் என்று அவருக்குத் தெரியும். துருவாசரின் வாய் கோணியது. திட்டுவதற்கு ஏதோ தேடினார் போலிருந்தது, கிடைக்கவில்லை. திரும்பி, காலை இழுத்து இழுத்து, நாற்காலியைத் தாண்டி அடுக்களைக்குள் போனார்.

வேனை ரொட்டிக்காரர் கிளப்பினார். தெருமுனையில் ஒரு குழி உண்டு. அந்தத் தெருவில் வண்டி பழுது பார்க்கிற எல்லாருக்கும் அதுதான் பரீட்சை. ஷெட் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். வேன் குழியில் இறங்கியது. ஏறியது. டயரின் சத்தம்தான் கேட்டது, வேறொன்றுமில்லை. வேன் திரும்பி வந்து மறுபடி அதே குழியில் வேண்டுமென்றே இறங்கிப் போனது. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு ஆடியது.

வேன் போன வழியிலேயே எதிரே வந்தான் கொழுந்தன். கையில் அளவு நாடா.

"டைல்ஸ்காரர் முனையில வண்டியிலயே உக்காந்திருக்கார் அண்ணி. ரொட்டி வேன்தானே அது, போறது?"

"அதுதான்."

"சத்தம்?"

"நீயும் பக்கத்துல நின்னுதானே பாத்த. கேட்டுதா?"

அவன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். தரையில் பலகைகள், சாக்கு, ஜன்னல் கட்டையில் இளைத்துப்போன ஒரு போல்ட். நாற்காலி காலியாக இருந்தது. அவன் முகம் மாறியது.

"அண்ணன் எங்க?"

"உள்ள."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தட்டு ஒன்று எடுக்கப்பட்டது, மேடையில் வைக்கப்பட்டது. பாத்திர மூடி இடது கையால் திறக்கப்படுகிறது, சரியாகப் பிடிபடவில்லை, சுவரில் உரசுகிறது. கரண்டி. பிறகு எதுவோ கைநழுவித் தரையில் விழுந்து உருண்டு உருண்டு நின்றது.

கொழுந்தன் பதறி உள்ளே ஓடப் பார்த்தான். அவள் கிரீஸ் கையால் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கறை பதிந்தது.

"இரு."

இருவரும் நின்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தடி ஒரு தரம் ஊன்றியது. ஒரு முனகல். தரையில் ஏதோ உரசி எழுந்தது. மறுபடி மேடையில் வைக்கப்பட்டது. குழாய் திறந்தது, கழுவுகிற சத்தம்.

குழாய் மூடியது.

"டைல்ஸ்காரர்கிட்ட நான் போய்ச் சொல்லிடறேன்" என்றான் கொழுந்தன். அளவு நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொஞ்சம் தயங்கினான். "அண்ணி, ஸ்டாண்டு மட்டும் எப்பவும் வெப்பீங்கள்ல?"

"வெப்பேன். சொல்லிட்டு வா, நீயும் சாப்பிட்டுப் போ."

அவன் போனான். அவள் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்தாள். உள்ளே இரண்டாவது தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. கொழுந்தன் வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

"ஏங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "இன்னொண்ணு வைங்க."